மஞ்சள் வீட்டில் குழந்தைகள் உண்டா?

மூன்றாவது மாடி உளவு டீச்சர் வீட்டில் துணி வெளியே காய்வதில்லை. அந்தக் கட்டடத்தில் பத்து வருடமாக இதைவிடச் சுவையான மர்மம் வேறு வாய்க்கவில்லை. பால்கனி இருக்கிறது, பால்கனியில் கம்பி இருக்கிறது, கம்பிமேல் வெயில் வீணாகக் கொட்டுகிறது. அந்த வீட்டுச் சட்டையும் துண்டும் போர்வையும் மட்டும் உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே, ஏதோ குற்றம் செய்தவைபோலத் தொங்கும். அவ்வளவு பெரிய உத்தியோகம் பார்த்தவள் உள்பாவாடையை ஊருக்குக் காட்டுவாளா என்பது கீழ்வீட்டு அத்தையின் கட்சி. காயும் துணியை வைத்தே ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாமாம், அதனால் பயம் என்பது லிஃப்ட் பழுதுபார்ப்பவரின் கட்சி. அவர் தன்னையறியாமலே உண்மையின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பியவர்.

பெயர்ப்பலகை இல்லாத ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் டீச்சர். இப்போது பல்கலைக்கழகத்தில், அதே மாதிரி அலுவலகங்களுக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். நான் உளவு பார்த்தவளில்லை, மற்றவர்கள் பார்த்துக் கேட்டு எழுதி அனுப்பியதைப் படித்து இது இப்படித்தான் இருக்கும் என்று சொன்னவள், அவ்வளவுதான் என்று அவரே ஒருமுறை படிக்கட்டில் விளக்கினார். அதையேதான் நாங்களும் செய்கிறோம், எங்களை மட்டும் ஏன் வம்புக்காரிகள் என்கிறார்கள் என்று கீழ்வீட்டு அத்தைக்கு அன்று முழுக்க மனத்தாங்கல்.

டீச்சரின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இது தெளிவா, முந்தினது தெளிவா" என்று கேட்டுக்கேட்டு அலுத்தோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அந்த மனிதர் கேள்வியே கேட்பதில்லை. மனைவி துணியை ஏன் உள்ளே உலர்த்துகிறார் என்றும் கேட்டதில்லை. தெருவில் நடக்கும்போது மொட்டைமாடிகளை ஏன் அண்ணாந்து பார்க்கிறார், எதையோ எண்ணுவதுபோல உதடு ஏன் அசைகிறது என்றும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது அந்தக் குடும்பத்தின் அஸ்திவாரம். அதில் கடப்பாரை போட வேண்டாம் என்று அவர் விட்டிருந்தார்.

வகுப்பறை வேதியியல் கூடத்துக்கு அடுத்த அறை. சன்னலைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், மூடினால் புழுக்கம். இருபத்திரண்டு பேர். டீச்சர் முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை கொடுத்துவிடுவார். அதில் ஏழு சொற்கள்: மேலே 'நிச்சயம்', கீழே 'நிச்சயமாக இல்லை', இடையில் 'பெரும்பாலும்', 'பெரும்பாலும் இல்லை' வகையறாக்கள். முடிவு எழுதும்போது இந்த ஏழில் ஒன்றைத்தான் எடுத்தாள வேண்டும். 'எனக்குத் தோன்றுகிறது' என்று எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும். உனக்குத் தோன்றுவதை வீட்டில் போய்ச் சொல்லு என்பார். அட்டையின் நட்டநடுவில் 'சொல்ல இயலாது' என்று ஒன்று உண்டு. அதை யாரும் சீண்டுவதில்லை. அதை எழுதுகிறவனுக்கு எந்த அலுவலகமும் நாற்காலி போடாது என்று பிள்ளைகளே தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போட வேண்டும். எழுத்து, சொன்னவரின் நம்பகத்துக்கு. எண், சொன்ன விஷயத்தின் நம்பகத்துக்கு. சம்பந்தமே இல்லாத இன்னொருவரும் அதையே சொல்லியிருந்தால் அந்த விஷயத்துக்கு ஒன்றாம் எண். ஒன்றைவிட உயர்ந்த மரியாதை கிடையாது.

வருடக் கடைசியில் ஒரு பெரிய பயிற்சி வரும். பிள்ளைகள் அதை 'மஞ்சள் வீடு' என்பார்கள். நான்கு மணி நேரம், ஒரு கோப்பு, பதினொரு தாள். ஐந்து நாள் தொடர்ந்து உயரத்திலிருந்து எடுத்த ஐந்து படங்கள், தெருவின் வரைபடம், பேருந்து நேர அட்டவணை, அக்கம்பக்கத்தார் சொன்ன நான்கு செய்திகள். அந்த வீட்டில் தேடப்படும் ஆள் இருக்கிறான். அதில் சந்தேகமில்லை. கேள்வி ஒன்றுதான். அவனோடு குழந்தைகள் இருக்கிறார்களா? இல்லை என்றால் வீட்டின்மேல் நடவடிக்கை, இருந்தால் காத்திருப்பு. கற்பனைப் பயிற்சி என்று முதல் தாளிலேயே அச்சடித்திருக்கும்.

அச்சடித்தது பொய். அந்த வீடு நிஜம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி டீச்சரின் மேசைக்குத்தான் வந்தது. 'பெரும்பாலும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். மறுநாள் நண்பகலில் வீடு தரைமட்டம். அதற்கும் மறுநாள் ஒரு தாள் வந்தது. தேடப்பட்ட ஆள் முடிந்தான், பணி வெற்றி என்று நாலு பத்தி. கடைசியில் ஒரு வரி: பின்னறையில் மேலும் ஒருவர், சிறுவன், வயது ஆறு. அந்த வீட்டு இரண்டு குழந்தைகளில் மூத்தவள் உறவினர் வீட்டுக்குப் போனது உண்மை. இளையவனுக்குக் காய்ச்சல், அவன் போகவில்லை. படத்தில் ஐந்து நாளும் ஒரே பள்ளிச் சட்டை கொடியில் தொங்கியது. போட்டுக்கொள்ள ஆளில்லை என்று டீச்சர் அதைப் படித்தார். ஆள் படுக்கையில் இருந்தான்.

அன்று மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு ஆறுதல் சொன்னார். "விடும்மா. அந்தத் தாளுங்களை யார் கையில குடுத்தாலும் இதைத்தான் எழுதியிருப்பாங்க."

சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு வருடம் மிதந்தார். யாராக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள் என்றால் அது பிழை அல்ல, விதி. விதி என்றால் தூங்கலாம். ஆனால் அது சரிதானா என்று பார்த்துவிட வேண்டாமா? வேலையை விட்டு, பல்கலைக்கழகத்துக்கு வந்து, பதினொரு தாளையும் இடம் பெயர்களை மட்டும் மாற்றித் தன் கையாலேயே தட்டச்சு செய்தார். ஒரு தாளைக்கூட ஒளிக்கவில்லை. அந்த நேர்மையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆறு வருடம், ஆறு வகுப்பு, நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அத்தனை பேரும் 'பெரும்பாலும் இல்லை' என்றுதான் எழுதினார்கள். ஒவ்வொரு முறை விடைத்தாளைக் கட்டி வைத்த பிறகும் இரண்டு மூன்று மாதம் டீச்சர் முகத்தில் தெளிவு இருக்கும். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார். என்ன, சம்பள உயர்வா என்று கட்டடம் விசாரிக்கும். பிறகு மெல்ல மெல்ல உதடு அசையத் தொடங்கிவிடும்.

தேர்வறையில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இருமும். சாதாரண இருமல்தான். வேதியியல் நாற்றத்துக்கு யார்தான் இருமமாட்டார்கள். டீச்சர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். இருமல் பின்வரிசையிலிருந்து வந்தாலும், பின்வரிசைக்கும் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகவே அவருக்குக் கேட்கும்.

இந்த வருடம் ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தார். இருபத்தோரு தாள் பழைய பாட்டையே பாடின. சிலது அழகாகப் பாடின. பச்சைப் பையோடு சித்தி குழந்தைகளை அழைத்துப்போனதைத் தெருக்காரர் ஒருவர் சொல்கிறார், தெருமுனைக் கடைக்காரரும் அதையே சொல்கிறார், இரண்டு வாய், ஒன்றாம் எண். வீட்டுக்கு வாங்கும் பால் குறைந்திருக்கிறது. கொடியில் சட்டை அசையவே இல்லை. எனவே பெரும்பாலும் இல்லை. டீச்சர் பேனாவை ஓட்டிக்கொண்டே போனார்.

இருபத்திரண்டாவது தாள் டைம்கீப்பர் மகளுடையது. அந்தப் பெண்ணின் அப்பா பேருந்து நிலையத்தில் நேரம் குறிப்பவர். அதனால் வகுப்பில் அவளுக்கு அதுவே பெயர். யார் தாமதமாக வந்தாலும் எத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுவாள், ரொம்பப் பேர் வெறுக்கும் பழக்கம். அவள் முடிவாக எழுதியிருந்தது அட்டையின் நடுவில் இருந்த சொல். 'சொல்ல இயலாது. மறுபடி பார்க்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.'

அதற்குக் கீழே காரணம் நாலே வரி. தெருக்காரரும் கடைக்காரரும் குழந்தைகள் செவ்வாய்க்கிழமை ஆறே கால் பேருந்தில் போனதாகச் சொல்கிறார்கள். அட்டவணைப்படி ஆறே கால் வண்டி விடுமுறை நாளில் மட்டும். செவ்வாய்க்கிழமை ஆறே முக்கால்தான். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்திருந்தால் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள். ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டிருக்கிறார். ஆகவே சாட்சி இரண்டல்ல, ஒன்று. அவரும் வண்டி ஏறியதைப் பார்த்தாரா என்பது ஐயம்.

டீச்சர் அதைப் படித்தார். எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து மறுபடி படித்தார்.

பதினோரு வருடமாக அந்த அட்டவணை அவரிடம் இருக்கிறது. தன் கையால் தட்டச்சு செய்தது. ஆறே கால், விடுமுறை நாள் மட்டும். அந்த வரியை அடித்த விரல் அவருடையது. போன பருவத்தில்தான் இரண்டு பையன்களை நிறுத்தி வைத்து, நீங்கள் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பேரும் ஒரே வருடத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கண்டுபிடித்திருந்தார். அவ்வளவு ஏன், கீழ்வீட்டு அத்தையிடம் அந்த இரண்டு செய்தியையும் நீட்டியிருந்தால், ஒரு வாய் காபி உள்ளே போவதற்குள், 'இவன் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்' என்று தூக்கிப் போட்டிருப்பார். ஒரே பிழையோடு இரண்டு வாயில் உலவும் வம்பு ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டது என்பது வம்பில் அரிச்சுவடி. பத்தொன்பது வருடம் படித்துச் சம்பாதித்த மூளைக்கு அது தட்டவில்லை. செய்தி வந்த தாளின் ஓரத்தில் ஒன்று என்ற எண் விழுந்ததும் கண் அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

கணவர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பத்து வருடத்தில் முதன்முறையாகக் கேட்டார். "என்ன?"

"ஒரு பொண்ணு வேற பதில் எழுதியிருக்கா" என்றார் டீச்சர்.

"தப்பாவா?"

டீச்சர் பேனாவுக்கு மூடி போட்டார். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மதிப்பெண் பட்டியல் மறுநாள் நாலு மணிக்குத் துறைத்தலைவர் மேசையில் இருக்க வேண்டும். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். டீச்சரே எழுதிய விதி ஒன்று உண்டு. இறுதி முடிவு விடைக்குறிப்போடு பொருந்தாவிட்டால், காரணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் இல்லை. பாதி போட்டால் அந்தப் பெண் நேர்முகத்துக்கே கூப்பிடப்படமாட்டாள். முழுசாகப் போட்டால் விடைக்குறிப்பு தப்பு என்று டீச்சரே கையெழுத்துப் போட்டதாக ஆகும். விடைக்குறிப்பில் இருப்பது பதினோரு வருடத்துக்கு முந்தைய அவருடைய அதே வாக்கியம்.

மனசு எப்பேர்ப்பட்ட வக்கீல் என்பதை அந்த ஞாயிறு சாயங்காலம் பார்த்திருக்க வேண்டும். பாதி போடு, அவளுக்குச் செய்யும் நல்லது அதுதான் என்றது. அந்த மேசைக்குப் போய் அவளும் ஏன் சாக வேண்டும், பேருந்து நிலையத்திலேயே நிம்மதியாக நேரம் குறிக்கட்டுமே என்றது. கருணையின் குரலில் அது பேசியதால் டீச்சர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் அந்தப் பெண்ணைத் தன் அறைக்கு வரச் சொன்னார். அவள் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்து நின்றாள். டீச்சர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, நிஜமான குறுக்கு விசாரணையே நடத்தினார். இரண்டு பேருமே பழைய அட்டவணையைப் பார்த்திருக்கலாமே என்றார். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாள். வண்டி அன்றைக்கு முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். அரைமணி முன்னால் எந்த வண்டியும் கிளம்பாது, அப்பா வேலை போய்விடும் என்றாள். அப்படியானால் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஏன் எழுதவில்லை, பயமா என்றார்.

"இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். இல்லன்னும் தெரியாது. தெரியாதுன்னு எழுதினேன்."

"தெரியாதுன்னு எழுதறவங்களை யாரும் வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க."

"பசங்களும் அதைத்தான் சொன்னாங்க. லூசுன்னும் சொன்னாங்க." அவள் தாளின் விளிம்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். "மேடம், இது நெஜமா நடந்ததுதானே?"

"எதை வெச்சு சொல்றே?" என்றார் டீச்சர்.

"கற்பனையா எழுதறவங்க பஸ் டைம்டேபிளை எல்லாம் சேர்க்க மாட்டாங்க மேடம். சேர்த்தாலும், கண்டுபிடிக்கட்டும்னு ஒரு குறிப்பு வெச்சிருப்பாங்க. இதுல யாரும் எதையும் ஒளிச்சு வெச்ச மாதிரி இல்ல. யாரும் கவனிக்காத மாதிரிதான் இருக்கு."

வேதியியல் கூடத்தில் யாரோ கண்ணாடிக் குடுவையைப் போட்டு உடைத்தார்கள். திட்டு விழுந்தது. டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். நீ போ, பதினொரு மணி வகுப்புக்கு எல்லாரையும் வரச் சொல் என்றார்.

பதினொரு மணிக்கு அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வீடு நிஜம், தாள்கள் நிஜம், எழுதியது நான், பின்னறையில் சிறுவன் இருந்தான். விடைக்குறிப்பு தப்பு. உங்களில் ஒருத்தி சரியாக எழுதியிருக்கிறாள், மற்ற இருபத்தோரு பேரும் நான் எழுதியதை எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். கட்டடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல மூன்று மாடி ஏறி இறங்குகிறவர்கள் இதைக் கேட்டிருந்தால் இவ்வளவு சின்னதாகவா என்று ஏமாந்திருப்பார்கள்.

முன்வரிசைப் பையன் ஒருவன், மதிப்பெண் போய்விட்டதே என்று வாதாட எழுந்தவன், எழுந்தபடியே நின்றான். அவன் முன்னால் கோப்பு திறந்திருந்தது. ஐந்தாவது படம் மேலே இருந்தது. மஞ்சள் சுவர், தண்ணீர்த் தொட்டி, கொடியில் சின்னச் சட்டை. இவ்வளவு நாள் அது ஒரு தாள். இப்போது அவன் அதைக் கவிழ்த்து வைத்தான். பக்கத்துப் பெண்ணும் தன்னுடையதைக் கவிழ்த்தாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இந்தத் தடவை டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஒரு பையன், கைக்குட்டையோடு, சாரி மேடம் என்றான்.

"கவுத்து வைக்காதீங்க" என்றார் டீச்சர். "நான் அஞ்சு நாள் படத்தையும் சேர்த்து ஏழு நிமிஷம் பார்த்தேன். இன்னிக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. பாருங்க."

நாலு மணிக்குத் துறைத்தலைவர் பட்டியலை வாங்கிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். இருபத்தோரு பேரைத் தாழ்த்தினால் பெற்றோர்கள் வந்து நிற்பார்கள், ஒரே ஒரு பெண்ணை உயர்த்தினால் சொந்தக்காரியா என்பார்கள், காரணம் எழுத்தில் வேண்டும் என்றார். டீச்சர் குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: விடைக்குறிப்பு தவறானது. தயாரித்தவர் நான். தவறு நிகழ்ந்தது பதினோரு வருடத்துக்கு முன். இதற்கு இங்கே கட்டமே இல்லையே அம்மா என்று துறைத்தலைவர் முனகினார். ஆனால் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது டைம்கீப்பர் மகள் காத்திருந்தாள். நன்றி சொல்ல என்று நினைத்தார் டீச்சர். அவள் அதற்கு வரவில்லை.

"மேடம், அந்தப் பையன் பேரு என்ன?"

"தெரியாது. ஆறு வயசுன்னு மட்டும்தான் எழுதியிருந்தாங்க."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கல."

"கேட்டா சொல்வாங்களா?"

"எங்கேயாவது ஒரு கோப்புல இருக்கும்."

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது கண்ணை ஒரு பக்கம் சாய்ப்பாள், தூரத்தில் வரும் வண்டியின் எண்ணைப் படிப்பதுபோல. "நான் உள்ள போனா தேடிப் பார்க்கிறேன் மேடம்" என்றாள். "கெடைச்சா ஃபோன் பண்றேன்."

வேண்டாம் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். வேண்டும் என்று சொல்லவும் அதே வாய்தான். இரண்டும் வரவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஐந்து பத்து வண்டியைப் பிடிக்க ஓடினாள்.

அவளை அந்த அலுவலகத்தில் வேலைக்கு எடுத்துவிட்டார்கள். கட்டடத்துக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது, தெரிந்தது. டீச்சர் அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். கண்ணாடிக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டாராம். கேட்டு முடித்ததும் டீச்சருடைய தட்டையும் சேர்த்துக் கழுவினாராம். இதனால் டீச்சருக்கு நிம்மதி வந்துவிட்டது என்று கீழ்வீட்டு அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை சொல்லித்தான் லிஃப்ட்காரருக்கும் தெரியும், அதனால் அதை இரண்டு சாட்சியாக எண்ணிவிட வேண்டாம்.

நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. வேறு ஏதோ வந்திருக்கிறது. இத்தனை வருடமும் அந்த வீட்டில் இருந்தது ஒரு வயது, ஒரு சட்டை, ஒரு இருமல். அவற்றோடு குடித்தனம் நடத்த டீச்சர் பழகியிருந்தார். இனி ஒரு பெயர் வரப்போகிறது. எந்தப் பெயரோ அது. கடைத்தெருவில் யாராவது ஒரு தாய் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் டீச்சர் நின்றுவிடுகிறார். அதுவாக இருக்குமோ? மதியங்களில் தொலைபேசி அடித்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். கணவர்தான் எழுந்து போய் எடுக்கிறார். எடுத்து, யாரென்று கேட்டு, இங்கே திரும்பிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டும்வரை டீச்சர் மூச்சு விடுவதில்லை.